ஸ்பைக்கிங்குக்கு மாற்றினால் பேட்டரி விடியும் வரை தாங்குமா?

கேள்வி: வையம்பட்டியிலிருந்து பொன்னணியாறு அணைக்குப் போகும் வழியில் எங்கள் ஊர். திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் இறுதி ஆண்டு படிக்கிறேன். அப்பா கடலையும் சோளமும் போடுகிறார். ராத்திரியில் காட்டுப்பன்றி இறங்கிக் கடலைச் செடியைக் கிளறிப் போட்டுவிடுகிறது. விடிந்தால் மயில். காட்டில் காவலுக்குப் படுக்க ஆள் கிடையாது. அதனால் ஒரு ரஸ்பெரி பை, அகச்சிவப்பு விளக்கு வைத்த கேமரா இரண்டையும் சேர்த்து, பன்றியையும் மயிலையும் கண்டால் விளக்கு எரிந்து ஹாரன் அடிக்கிற மாதிரி செய்திருக்கிறேன். படங்களை வைத்து நியூரல் நெட்வொர்க்குக்குப் பயிற்சி கொடுத்தேன், நன்றாகவே கண்டுபிடிக்கிறது. பிரச்சினை மின்சாரம்தான். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி, பகலில் சோலாரில் சார்ஜ் ஆகிறது. மீட்டர் வைத்துப் பார்த்ததில் எல்லாம் சேர்த்து 5 வாட் இழுக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டால் இரண்டு மணிக்கெல்லாம் கட்-ஆஃப் ஆகிவிடுகிறது. பன்றி அதற்குப் பிறகுதான் வருகிறது. ஸ்பைக்கிங் நியூரல் நெட்வொர்க்காக மாற்றினால் மின்சாரம் பல மடங்கு மிச்சமாகும் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். நான் பயிற்சி கொடுத்த நெட்வொர்க்கை அப்படியே மாற்றினால் விடியும் வரை தாங்குமா? மாற்றும்போது உள்ளே என்னதான் நடக்கிறது? இதையே இறுதி ஆண்டு புராஜெக்ட்டாக எடுக்கலாமா?

— ஒரு வாசகர், வையம்பட்டி

பதில்: தாங்காது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருக்கும் அதே ரஸ்பெரி பையில், அதே நெட்வொர்க்கை ஸ்பைக்கிங்காக மாற்றி ஓட்டினால் பேட்டரி ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாக வராது. ஒரு படத்தைப் பார்த்து முடிவு சொல்ல இப்போது ஆவதைப் போலப் பல மடங்கு நேரம்தான் ஆகும். பன்றி தின்றுவிட்டுப் போன பிறகு ஹாரன் அடிக்கும்.

அதற்காக உங்கள் பேராசிரியர் சொன்னதைத் தள்ளிவிட வேண்டாம். ஸ்பைக்கிங் நெட்வொர்க்கில் மின்சாரம் மிச்சமாவது உண்மை. எந்தச் சில்லில் ஓடுகிறது, எத்தனை துடிப்பில் வேலை முடிகிறது, கேமரா பார்க்கும் காட்சி எப்படிப்பட்டது என்ற மூன்றையும் பொறுத்து அந்த மிச்சம் கூடும், குறையும், சில சமயம் நஷ்டமாகவும் திரும்பும். இந்த மூன்றையும் சொல்லாமல் 'பல மடங்கு' என்று மட்டும் சொல்லிப் போகிறார்கள். படிக்கிற பிள்ளைகள் ஆறு மாத உழைப்பைப் போட்ட பிறகு அது தெரிய வருகிறது. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவோம். அது புரிந்தால் மற்றவை தாமாகப் புரியும்.

இப்போது உங்களிடம் இருக்கும் நெட்வொர்க்கில் ஒவ்வொரு நியூரானும் ஒரு எண்ணை வெளியிடுகிறது, 0.3, 1.7 என்பது போல. அந்த எண்ணை அடுத்த அடுக்கில் இருக்கும் நியூரான் தன் எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மைனஸாக வந்தால் பூஜ்யமாக்கிவிட்டு மேலே அனுப்புகிறது. மைனஸை வெட்டும் அந்தச் செயலைத்தான் ரெலு என்கிறோம். நம் மூளையில் இப்படி எண்கள் ஓடுவதில்லை. ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள், எல்லாம் சேர்ந்து சுமார் 20 வாட். ஒரு நியூரான் பேசுவதெல்லாம் ஒரு மில்லிசெகண்ட் அளவு நீளமுள்ள ஒரே மாதிரியான மின்துடிப்பில்தான். ஒன்று துடிக்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். பிரெஞ்சு உடலியலாளர் லூயி லாபிக் 1907-லேயே இதற்கு ஒரு எளிய கணக்கைத் தந்துவிட்டார்: வரும் மின்னூட்டத்தைச் சேர்த்துக்கொண்டே போ, ஒரு வரம்பைத் தொட்டால் துடி. இன்றைக்கும் ஸ்பைக்கிங் சில்லுகளில் ஓடுவது பெரும்பாலும் அந்தக் கணக்கின் பேரப்பிள்ளைகள்தான்.

இரண்டுக்கும் பாலம் எங்கே? களத்தில் மரக்கால் வைத்து நெல் அளப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் 0.3 மரக்கால் நெல் வந்து விழுகிறது. முதல் சுற்றில் 0.3, அடுத்து 0.6, பிறகு 0.9. நான்காவது சுற்றில் 1.2 ஆகிறது, மரக்கால் நிறைந்துவிட்டது. அளப்பவர் ஒரு எண்ணிக்கை சொல்கிறார். அதுதான் துடிப்பு. மீதி 0.2 நெல் மரக்காலிலேயே கிடக்கட்டும். ஐந்தாவது சுற்றில் 0.5, ஆறில் 0.8, ஏழில் 1.1, இன்னொரு எண்ணிக்கை. மீதி 0.1. பத்தாவது சுற்றில் சரியாக 1.0 வந்து மூன்றாவது எண்ணிக்கை. பத்துச் சுற்றில் மூன்று துடிப்பு, அதாவது 0.3. ரெலு வெளியிட்டிருக்க வேண்டிய அதே எண். மைனஸாக வந்தால் மரக்கால் நிறையவே நிறையாது, துடிப்பும் வராது. அதுவும் ரெலு சொல்லும் பூஜ்யம்தான். மாற்றத்தின் உயிர்நாடி இவ்வளவுதான்: எண்ணின் இடத்தைத் துடிப்பின் வேகம் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் பயிற்சி கொடுத்துப் பெற்ற எடைகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அவற்றையே ஸ்பைக்கிங் நெட்வொர்க்கில் வைத்து ஓட்டலாம்.

இதில் லாபம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். துடிப்பு என்றால் 1, இல்லையென்றால் 0. ஒன்றால் பெருக்குவதற்குப் பெருக்கலே வேண்டாம், எடையை எடுத்துக் கூட்டினால் போதும். பூஜ்யமானால் அதுவும் வேண்டாம், அந்த இணைப்பைத் தொடவே தேவையில்லை. பெருக்கல் போய்க் கூட்டலும், வேலை போய்ச் சும்மா இருத்தலும் வருகின்றன.

இப்போது சிக்கல்கள். துடித்த பிறகு மரக்காலில் மிஞ்சிய 0.2 நெல்லைக் கீழே கொட்டிவிட்டால் என்ன ஆகும்? நான்கு சுற்றுக்கு ஒரு எண்ணிக்கை, எட்டில் இரண்டாவது. பத்துச் சுற்றுக்கு இரண்டே துடிப்பு, அதாவது 0.2. எவ்வளவு நேரம் ஓட்டினாலும் 0.25-ஐத் தாண்டாது. ஒரு நியூரானில் இது சிறு பிழை. பதினாறு அடுக்கு நெட்வொர்க்கில் அடுக்குக்கு அடுக்கு இந்தச் சிந்தல் சேர்ந்து, பன்றியை நாய் என்று சொல்ல வைத்துவிடும். ஆகவே துடித்ததும் பூஜ்யமாக்காமல் வரம்பை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பல மாதிரி நிரல்களில் பூஜ்யமாக்கும் வழியே இருக்கிறது. எடுத்து ஓட்டும் முன் அந்த ஒரு வரியைப் பாருங்கள்.

அடுத்தது வரம்பு, த்ரெஷோல்ட் என்கிறார்களே, அது. மரக்கால் மிகப் பெரிதாக இருந்தால் நிறைய நெடுநேரம் ஆகும். மிகச் சிறிதாக இருந்தால், ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்புதான் சொல்ல முடியும் என்பதால், பெரிய எண்ணெல்லாம் 1-லேயே முட்டி நின்றுவிடும். 2015-ல் பீட்டர் டீல் முதலானோர் காட்டிய வழி, பயிற்சிப் படங்களை நெட்வொர்க்கில் ஓட்டி ஒவ்வொரு அடுக்கிலும் வரும் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடித்து, அதற்கேற்ப எடைகளையோ வரம்பையோ சரிசெய்வது. இதில் ஒரு தொல்லை உண்டு. லட்சக்கணக்கான எண்களில் ஏதோ ஒன்று மட்டும் அசாதாரணமாகப் பெரிதாக இருக்கும். அதற்காக மரக்காலைப் பெரிதாக்கினால் மற்ற நியூரான்கள் எல்லாம் சோம்பிப் போகும். 2017-ல் சூரிச்சைச் சேர்ந்த போடோ ருக்காவர் குழுவினர், மிகப் பெரிய எண்ணை விட்டுவிட்டு 99.9 சதவீத எண்கள் எதற்குள் அடங்குகின்றனவோ அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆயிரத்தில் ஒன்று முட்டினால் முட்டட்டும் என்று விட்டது பெரிய பலன் தந்தது.

மற்றவை சில்லறை வேலைகள். பேட்ச் நார்மலைசேஷனைப் பக்கத்து அடுக்கின் எடையிலேயே கரைத்துவிடலாம். பயஸ் ஒவ்வொரு சுற்றும் சிறிது சிறிதாக ஊட்டும் மாறா மின்னோட்டம் ஆகிவிடும். மேக்ஸ் பூலிங்கைத் துடிப்பில் செய்வது சங்கடம், ஆவரேஜ் பூலிங்குக்கு மாறி ஒருமுறை பயிற்சி கொடுத்துக்கொள்ளுங்கள். கடைசி அடுக்கில் யார் அதிகம் துடித்தார் என்று எண்ணுவதைவிட யாரிடம் அதிகம் தேங்கியிருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

உண்மையான விலையைச் சுற்றுகளில்தான் கொடுக்கிறோம். பத்துச் சுற்று ஓட்டினால் 0.1, 0.2 என்று பத்தில் ஒரு பங்கு நுணுக்கம்தான் கிடைக்கும். நூறில் ஒரு பங்கு வேண்டுமானால் நூறு சுற்று. ஆழமான அடுக்குகளுக்குத் துடிப்பு போய்ச் சேரவே பல சுற்றுகள் பிடிக்கும். பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர் கௌசிக் ராயும் அவரிடம் ஆய்வு செய்த அப்ரோனில் சென்குப்தாவும் மற்றவர்களும் 2019-ல் விஜிஜி-16 என்ற நெட்வொர்க்கை இமேஜ்நெட் படங்களுக்காக மாற்றிக் காட்டினார்கள். மாற்றும் முன் 70.52 சதவீதம் சரியாகச் சொன்னது, மாற்றிய பின் 69.96 சதவீதம் சொன்னது. அரை சதவீதம்தான் இழப்பு. அன்றைக்கு அது பெரிய சாதனை. ஆனால் ஒரு படத்துக்கு ஆன சுற்றுகள் 2,500.

அடுத்த ஆண்டு அதே ஆய்வகத்திலிருந்து நிதின் ராதி, கோபாலகிருஷ்ணன் ஸ்ரீனிவாசன், பிரியதர்ஷினி பண்டா, கௌசிக் ராய் நால்வரும் வேறொரு யோசனை சொன்னார்கள். முதலில் மாற்றிக்கொள், பிறகு மாற்றிய ஸ்பைக்கிங் நெட்வொர்க்குக்கே துடிப்பை வைத்துக் கொஞ்சம் மறுபயிற்சி கொடு. 250 சுற்றில் வேலை முடிந்தது, சரியாகச் சொல்வது 65.19 சதவீதமாக இறங்கியது. இந்தக் கட்டுரையை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கோபாலகிருஷ்ணன் ஸ்ரீனிவாசன் பின்னர் சென்னை ஐஐடி கணினி அறிவியல் துறையில் ஆசிரியராகச் சேர்ந்தார். இந்தத் துறையில் ஆழமாகப் போக வேண்டுமென்றால் கடல் கடந்துதான் ஆக வேண்டும் என்ற நிலை இன்று இல்லை.

2022-ல் பீக்கிங் பல்கலைக்கழகக் குழு, இமேஜ்நெட்டைவிடச் சிறிய படத்தொகுப்புகளில், இதை நான்கு சுற்று வரை இறக்கியது. இரண்டு காரியம் செய்தார்கள். மரக்காலைக் காலியாக வைத்துத் தொடங்காமல் பாதி நிறைத்து வைத்துத் தொடங்கினார்கள். ஒரு சுற்றுக்கு 0.2 வீதம் வந்தால், காலி மரக்காலில் நான்கு சுற்றுக்குப் பின் 0.8 தான் இருக்கும், துடிப்பே இல்லை, விடை பூஜ்யம். பாதி நிறைத்திருந்தால் மூன்றாம் சுற்றிலேயே 1.1 ஆகி ஒரு துடிப்பு வரும், விடை 0.25. எது 0.2-க்கு நெருக்கம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, மாற்றுவதற்கு முன் பயிற்சியிலேயே எண்களைச் சில படிநிலைகளுக்குள் அடங்கும்படி செய்துவிட்டார்கள். பின்னால் துடிப்பாக மாறும்போது இழக்க அதிகம் இருக்காது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். எண்களைச் சில படிநிலைகளுக்குள் அடக்கிவிட்டால் அது குவான்டைஸ் செய்த சாதாரண நெட்வொர்க்தானே? ஆம். அதனால்தான் ஸ்பைக்கிங் நெட்வொர்க்கை 32 பிட் நெட்வொர்க்கோடு ஒப்பிட்டு வெற்றி கொண்டாடுவது நியாயமான பந்தயம் அல்ல என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 8 பிட்டுக்கோ 4 பிட்டுக்கோ இறக்கிய நெட்வொர்க்கோடு ஒப்பிட்டு அதிலும் வென்றால்தான் வெற்றி.

இனி மின்சாரக் கணக்கு. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-ல் தந்த ஓர் அட்டவணையைத்தான் இந்தத் துறையில் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். 45 நானோமீட்டர் சில்லில் ஒரு 32 பிட் மிதவைப் புள்ளிப் பெருக்கலுக்கு 3.7 பிக்கோஜூல், கூட்டலுக்கு 0.9. ஒரு ஜூலை லட்சம் கோடியால் வகுத்தால் ஒரு பிக்கோஜூல். சாதாரண நெட்வொர்க்கில் பெருக்கிக் கூட்ட 4.6 ஆகிறது, ஸ்பைக்கிங்கில் கூட்ட மட்டும் 0.9. ஐந்து மடங்கு லாபம் என்று கட்டுரைகள் சொல்வது இங்கிருந்துதான். ஆனால் ஒரு படத்துக்கு ஒரு நியூரான் சராசரியாக ஐந்துக்கு மேல் துடித்துவிட்டால் அந்த லாபம் அங்கேயே தீர்ந்தது. 8 பிட் நெட்வொர்க்கோடு ஒப்பிட்டால் இன்னும் நெருக்கடி: பெருக்க 0.2, முழு எண்ணாகக் கூட்ட 0.1, ஆக 0.3; ஸ்பைக்கிங்கில் கூட்ட மட்டும் 0.1. ஐந்து மடங்கு மூன்று மடங்காகச் சுருங்கிவிடுகிறது.

இதைவிடப் பெரிய செலவு நினைவகத்துக்குப் போய் வருவது. வெளியே இருக்கும் டிராமிலிருந்து ஒரு முறை 64 பிட் தரவை எடுத்துவர 1,300 முதல் 2,600 பிக்கோஜூல். கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் ஆவது இதன் காலடித் தூசிக்குச் சமம். ஸ்பைக்கிங்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் எடைகளைத் திரும்ப எடுக்க வேண்டும், ஒவ்வொரு நியூரானிலும் தேங்கியிருப்பதை எடுத்து மாற்றி எழுதி வைக்க வேண்டும். நூறு சுற்றென்றால் நூறு முறை. எடையும் நியூரானும் ஒரே இடத்தில், சில்லுக்குள்ளேயே பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் இந்தச் செலவு அடங்கும். ஐபிஎம் நிறுவனத்தில் தர்மேந்திர மோதா தலைமையில் 2014-ல் வந்த ட்ரூநார்த் சில்லு அப்படிக் கட்டியதுதான்: 10 லட்சம் நியூரான், 25.6 கோடி இணைப்பு, ஏறத்தாழ 70 மில்லிவாட். மோதா மும்பை ஐஐடி-யில் படித்தவர். இன்டெல் 2017-ல் அறிவித்த லோய்ஹியும் அந்த வழிதான், 128 கோர்களில் சுமார் 1.3 லட்சம் நியூரான். ஆனால் லோய்ஹியை ரிச்சி தெருவில் போய் வாங்க முடியாது. ஆய்வாளர்களுக்கு என்று தருகிறார்கள்.

ஏஆர்எம் செயலியை உருவாக்கியவர்களில் ஒருவர் ஸ்டீவ் ஃபர்பர். மான்செஸ்டரில் ஸ்பின்னேக்கர் என்ற மாபெரும் ஸ்பைக்கிங் கணினியைக் கட்டியவரும் அவர்தான். அவரும் சைமன் டேவிட்சனும் 2021-ல் இரண்டு வகை நெட்வொர்க்கையும் டிஜிட்டல் வன்பொருளில் வைத்து ஒப்பிட்டார்கள். துடிப்பின் வேகத்தை எண்ணாகக் கொள்ளும் ஸ்பைக்கிங் நெட்வொர்க், ஒரு படத்துக்கு நியூரானுக்குச் சராசரியாக 2-க்கும் குறைவான துடிப்பில் வேலையை முடித்தால்தான் மற்றதை மிஞ்சும் என்பது அவர்கள் முடிவு. வாழ்நாளை இதற்கே கொடுத்த ஒருவர் இவ்வளவு கறாராக எழுதியதை நான் மிகவும் மதிக்கிறேன்.

உங்கள் பேட்டரிக்கு வருவோம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி என்றால் 84 வாட்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழ் இறக்கக்கூடாது என்பதால் கைக்குக் கிடைப்பது 42. 5 வாட்டுக்கு எட்டு மணி நேரம் சொச்சம். ஆறு மணிக்குப் போட்டால் இரண்டு மணிக்கு அணைகிறது, கணக்கு சரியாக இருக்கிறது. இப்போது அந்த 5 வாட்டில் உங்கள் நெட்வொர்க்கின் கணக்குக்கு மட்டும் எவ்வளவு போகிறது? நெட்வொர்க் எது என்று நீங்கள் எழுதவில்லை. மொபைல்நெட் வகை என்று வைத்துக்கொள்கிறேன், ஒரு படத்துக்குச் சுமார் 30 கோடிப் பெருக்கல்-கூட்டல். நொடிக்கு ஐந்து படம் பார்த்தால் 150 கோடி. 4.6 பிக்கோஜூல் வீதம் 7 மில்லிவாட். ஐந்து வாட்டில் ஏழு மில்லிவாட்! மீதியெல்லாம் ரஸ்பெரி பை சும்மா விழித்திருப்பதற்கும், கட்டளைகளை எடுத்துப் பிரிப்பதற்கும், தரவு போய் வருவதற்கும், அகச்சிவப்பு விளக்குக்கும் போகிறது. பெருக்கலையெல்லாம் முழுக்க நீக்கினாலும் பேட்டரிக்குத் தெரியவே தெரியாது.

காட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பைக்கிங் நெட்வொர்க்குக்கு ஏற்ற ஜோடி ஈவென்ட் கேமரா. முழுப் படம் எடுக்காது. எந்தப் புள்ளியில் வெளிச்சம் மாறுகிறதோ அந்தப் புள்ளி மட்டும் ஒரு துடிப்பு அனுப்பும். எதுவும் அசையாவிட்டால் எதுவும் வராது, மின்சாரமும் ஏறத்தாழப் போகாது. ஆய்வகத்துச் சுவர் முன்னால் அருமையாக இருக்கும். உங்கள் ஊரில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோளத்தட்டை ஒவ்வொன்றும் ஆடும், ஒவ்வொரு தோகையும் ஆயிரம் துடிப்பு அனுப்பும். பன்றி வருவதற்கு முன்பே சில்லு முழு வேலையில் இருக்கும். அசைவு குறைவு என்ற நம்பிக்கையில்தான் இந்தச் சிக்கனம் முழுவதும் நிற்கிறது. பயிர் வளர்ந்து நிற்கும் காட்டில் அந்த நம்பிக்கை ஆடி மாதத்தில் பலிக்காது. இதற்கு நேர்மாறான சிக்கலும் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. உங்களுக்கு மேற்கே கடவூர் மலைப் பகுதியை 2022-ல் தமிழ்நாடு அரசு தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது, 11,806 ஹெக்டேர். நாட்டிலேயே தேவாங்குக்கான முதல் சரணாலயம் அதுதான். தேவாங்கைப் பார்த்திருப்பீர்கள், கிளையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும், நகர்ந்தாலும் மெல்லத்தான் நகரும். ஈவென்ட் கேமராவுக்கு அது இருப்பதே தெரியாமல் போகலாம். எந்த உயிரை, எந்தப் பின்னணியில் தேடுகிறோம் என்று தெரியாமல் சில்லைத் தேர்ந்தெடுக்க முடியாது.

அப்படியானால் இப்போதைக்கு என்ன செய்வது? முதலில் ரஸ்பெரி பையைத் தூங்க வையுங்கள். கடையில் எளிதில் கிடைக்கும் பிஐஆர் சென்சார் உடல் வெப்பத்தோடு நகர்வதைக் கண்டுபிடிக்கும், மைக்ரோஆம்பியர் கணக்கில்தான் இழுக்கும். எட்டும் தூரம் ஏழு மீட்டர் அளவே என்பதால், பன்றி நுழையும் தடங்களில் நாலைந்து இடத்தில் வைக்க வேண்டியிருக்கும். தடம் உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். ரஸ்பெரி பை தூக்கத்திலிருந்து எழுந்து தயாராக அரை நிமிடம் வரை ஆகும், அதற்குள் பன்றி கடலையில் இறங்கிவிடும். ஆகவே நடுவில் இஎஸ்பி32 போன்ற ஒரு மைக்ரோகன்ட்ரோலரை வைத்து, அதுவே விளக்கைப் போட்டு முதல் படத்தை எடுக்கட்டும். நெட்வொர்க்கை 8 பிட்டுக்கு இறக்கிச் சிறிதாக்கினால் பல சமயம் அதிலேயே ஓடிவிடும், ரஸ்பெரி பையே தேவைப்படாது. ஒரு ராத்திரிக்கு முப்பது முறை எழுந்து ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் முழு 5 வாட்டில் ஓடினாலும் 2.5 வாட்-மணிதான் செலவு. பன்னிரண்டு மணி நேரம் விடாமல் ஓட்ட 60 ஆகிறது. அகச்சிவப்பு விளக்கும் அந்த முப்பது நிமிடம் மட்டுமே எரியும். விடியும் வரை என்ன, மழைமூட்டம் இரண்டு மூன்று நாள் இருந்தாலும் தாங்கும்.

பேட்டரி கைவிட்டதென்று யாராவது மின்வேலி யோசனை சொன்னால் கேட்காதீர்கள். திருட்டுத்தனமாகப் போட்ட மின்வேலியில் பன்றிக்கு முன்னால் போட்டவர் வீட்டு ஆளே மாட்டிக்கொண்ட செய்திகளைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். வெளிச்சமும் சத்தமும் போதும். ஒரே ஹாரனுக்குப் பன்றி பழகிவிடும், சத்தத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

கடைசிக் கேள்வி, புராஜெக்ட்டாக எடுக்கலாமா என்பது. தாராளமாக எடுங்கள், ஆனால் மிச்சத்துக்கு வாய்ப்பு அதிகமுள்ள இடத்தில் எடுங்கள். என் யோசனை படமல்ல, ஒலி. பூச்சிச் சத்தத்தை வடிகட்டிவிட்டால் ராத்திரியில் காடு பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும், மயிலின் அகவலோ பன்றியின் உறுமலோ எப்போதோ ஒரு முறைதான் வரும். பெரும்பொழுது மௌனம், சிறுபொழுது சத்தம் என்ற நிலைதான் துடிப்பு நெட்வொர்க்குக்கு ஏற்றது. நெட்வொர்க்கும் சிறிது, சில ஆயிரம் எடைகளில் அடங்கும், சில்லுக்குள்ளேயே வைக்கலாம். காற்றின் இரைச்சலையும் வடிகட்டிக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கான பதிவுகளை ஆடி மாதத்தில் உங்கள் காட்டிலேயே எடுங்கள். வெளியூர் ஒலித்தொகுப்பை நம்ப வேண்டாம். நம் மாநிலத்திலேயே கோவை மதுக்கரையில் 2024 பிப்ரவரியிலிருந்து 12 கோபுரங்களில் வெப்பக் கேமரா வைத்து, தண்டவாளத்தை நெருங்கும் யானைகளைக் கண்டறிந்து ரயில்களை எச்சரிக்கிறார்கள். அதைப்போலப் பெரிதாக இல்லாவிட்டாலும், ஒரு விவசாயி கைக்காசு போட்டு வைக்கக்கூடிய அளவில் ஒன்று வேண்டியிருக்கிறது.

மாற்றிப் பார்க்க எஸ்என்என் டூல்பாக்ஸ், ஸ்பைக்கிங்ஜெல்லி இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. நேரடியாகத் துடிப்பிலேயே பயிற்சி கொடுக்க எஸ்என்என்டார்ச் இருக்கிறது. முதல் வாரத்தில் பன்றியையும் மயிலையும் மறந்துவிட்டு, கையெழுத்து எண்களை அடையாளம் காணும் இரண்டடுக்கு நெட்வொர்க்கை மாற்றிப் பாருங்கள். 4, 16, 64, 256 சுற்றுகளில் எத்தனை சதவீதம் சரியாகச் சொல்கிறது, ஒரு நியூரான் சராசரியாக எத்தனை முறை துடிக்கிறது என்று ஒரே அட்டவணையில் எழுதுங்கள். அதற்குப் பக்கத்திலேயே 8 பிட் நெட்வொர்க்கின் கணக்கையும் எழுதுங்கள். மின்சாரம் எவ்வளவு என்று எழுதும் இடத்தில், 0.9 பிக்கோஜூலால் பெருக்கி வந்த எண்ணையும் மீட்டர் காட்டிய எண்ணையும் தனித்தனிப் பத்தியில் போடுங்கள். வாய்மொழித் தேர்வில் வருகிறவர் முதலில் கேட்கப்போவது இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான். ஸ்பைக்கிங் சில்லு கையில் இல்லாவிட்டால் ஒரு சிறிய எஃப்பிஜிஏ பலகையில் பத்துப் பதினைந்து நியூரான்களை நீங்களே கட்டலாம். மின்னணுவியல் படிக்கும் உங்களுக்கு அது கைவந்த வேலை. துடிப்பு வராத சுற்றில் அந்தப் பலகை இழுக்கும் மின்னோட்டம் உண்மையிலேயே இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் கிளாக்கை நிறுத்தவில்லை என்று பொருள், அங்கிருந்து வேலையைத் தொடங்குங்கள்.